உடைந்த மாத்திரை

ஆறு மாத வயிற்றோடு வந்திருந்த அரசி, அப்பாவின் மருந்து டப்பாவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். அதைத் தொடாதே என்று அப்பா சிற்றம்பலம் காலையிலிருந்து மூன்று முறை கத்திவிட்டார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. உடைந்துகிடந்த ஒரு மாத்திரையை அவள் எடுத்ததும் பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

“ஒருநாளும் என்னை அடிச்சதில்ல நீங்க,” என்றாள் அரசி. உடனே கணவனுக்குப் போன் போட்டாள். “சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கறது எங்கப்பாவுக்குப் பிடிக்கல.”

சிற்றம்பலத்துக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. அந்த நேரம் பார்த்து அடிவயிறு முட்டியது. கழிவறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். ஒரு சொட்டும் வரவில்லை.

சாத்திய கதவைப் பார்த்துக் கத்தினார். “எனக்கு ஒண்ணுக்கு வர மாட்டேங்குது, அரசி. புராஸ்டேட் வீங்கியிருக்கு. அழற்சி வேற. இந்த வயசுலயும் ஆம்பள ஹார்மோன் அதை வளர்த்துக்கிட்டே இருக்காம். அதைக் குறைக்கத்தான் அந்த மாத்திரை. உடைஞ்சதை மாசமா இருக்கறவங்க தொடக்கூடாதாம். வயித்துல இருக்கறது பையனா இருந்தா பாதிக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இதையெல்லாம் பெத்த பொண்ணுகிட்ட எந்த வாயால சொல்றது?”

வெளியே சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. அந்தச் சத்தத்தில் அவருக்கும் துளித்துளியாக வரத் தொடங்கியது.

“சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டேன்பா,” என்று கதவருகே குரல் கேட்டது. “நீங்க மெதுவா வாங்க.”