பழைய கூலிங் காயில்

டேஷ்போர்டுக்குள் கையை விட்ட லோகன், விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த சிகரெட் துண்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இந்தாடா, உங்கப்பன் சொத்து." தம்பி ஜீவனின் காலடியில் அதை வீசினான்.

கிள்ளானில் இருந்த வீட்டு வாசலில் அந்தப் பழைய கார் குடலைப் பிடுங்கிப் போட்ட மாதிரி கிடந்தது. போன மாசம் செத்துப்போன அப்பன் பக்கிரிசாமியின் கார். சாயந்திரம் அதை வாங்க ஆள் வருகிறது. ஏர்கோனிலோ காற்று வரவில்லை, வந்த கொஞ்சமும் குமட்டியது. காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலை மாற்றாமல் யார் தலையிலும் கட்ட முடியாது. லோகனுக்கு ஏர்கோன் ரிப்பேர்தான் தொழில் என்பதால் வீட்டிலேயே பிரித்துவிட்டான்.

"உங்கப்பன் உங்கப்பன்னு சொல்லாதண்ணே. உனக்கும் அப்பாதானே?"

"எனக்கு அம்மா மட்டும்தான். அந்த ஆளோட சாமான்ல மிச்சம் இருக்கிறது இந்தக் கார் ஒண்ணுதான். இன்னியோட தலைமுழுகிடணும்."

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே காரில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போன மனுஷன் பக்கிரிசாமி. திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அதனால் அப்பன் செத்தபோது, மூத்த மகனாக இருந்தும் லோகன் கொள்ளி வைக்க மறுத்துவிட்டான். 'அவன் காரியத்துல என் கை படாது' என்று ஊரறியச் சொன்னான். கொள்ளி வைத்தது, மோரிப் கடலில் அஸ்தி கரைத்தது எல்லாமே ஜீவன் தனியாளாகச் செய்ததுதான்.

"எப்ப இருந்துடா காத்து வரலை?"

"மோரிப் போன அன்னிக்கிருந்துதாண்ணே." ஜீவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்" என்றபடி லோகன் காயில் பெட்டியை வெளியே இழுத்து மூடியைத் திறந்தான்.

ஈரச் சாக்ஸை மாசக்கணக்கில் பூட்டி வைத்தாற்போல ஒரு நாற்றம் குப்பென்று மூஞ்சியில் அடித்தது. உள்ளே காய்ந்த பல்லி ஒன்று, கரப்பான் முட்டைகள், ஒரு நீளமான முடி. அம்மாவுக்கு அவ்வளவு நீளம் கிடையாது. லோகன் அதை நுனிவிரலால் எடுத்துத் தூர எறிந்தான்.

காயில் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பசைபோல என்னவோ அப்பிக் கிடந்தது.

"ச்சீ! சிகரெட் சாம்பலைப் பாரு. ஆஸ்ட்ரே இருந்தாலும் கீழதான் தட்டுவான். கால்கிட்ட எதைக் கொட்டினாலும் ப்ளோவர் உறிஞ்சி நேரா இங்கதாண்டா தள்ளும்."

ஜீவனின் முகம் வெளுத்துவிட்டது. "நீ எந்திரிண்ணே. நான் கழுவிக் குடுக்கிறேன்."

"உனக்கு என்ன தெரியும்? பெட்டியை உடைச்சு வெப்பே. போய்த் தண்ணியைத் திற லா."

ஜீவன் குழாயைத் திறந்ததும் ஓடிப்போய் ஒரு பெரிய பேசினைக் கொண்டுவந்து அடியில் வைத்தான். லோகன் முறைத்தான்.

"இது எதுக்குடா? தண்ணி லோங்காங் சாக்கடையில போயிட்டுப் போகுது."

"அடைச்சுக்கும்ணே. எதிர்வீட்டு ஆன்டி ஏசுவாங்க."

லோகன் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் விரலால் வழித்தான். வழிக்க வழிக்க வந்தது. நகத்துக்குள் ஏறியது, முழங்கை வரை வழிந்தது. தெறித்த ஒரு துளி உதட்டில் பட, "த்தூ!" என்று துப்பினான். உள்ளங்கையில் வெள்ளைத் துணுக்குகள் நறநறவென்று உருண்டன.

"எலியும் உள்ளயே செத்திருக்குடா. எலும்பு எலும்பா வருது. கருமம், இனிமே இந்தக் கையால சோறு எப்படிடா திங்கிறது?"

ஜீவன் குந்தி உட்கார்ந்து, பேசின் நிறைய நிறைய இன்னொரு வாளியில் மாற்றினான். பழைய காயிலையும் தனியாக எடுத்து அலசி வைத்தான். இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று லோகனுக்கு எரிச்சலாக வந்தது.

புதுக் காயிலைப் பொருத்தி, டேஷ்போர்டை மாட்டி, கேஸ் ஏற்றி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. லோகன் ஏர்கோனைப் போட்டான். சில்லென்று சுத்தமான காற்று. நாற்றம் போன இடம் தெரியவில்லை. காலையிலிருந்து முதல்முறையாக அவன் முகம் தெளிந்தது.

"முடிஞ்சுதுடா. அந்த ஆளோட தூசுகூட இனிமே இங்க கிடையாது."

வாசலில் வாளியையும் பேசினையும் ஜீவன் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தான். லோகன் துணியைக் காலால் தள்ளிவிட்டு, பேசினைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்த்தான். ஜீவன் பாய்ந்து வந்து விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விடுடா! இந்த நாத்தம் பிடிச்ச தண்ணிய வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போறே? பூஜை பண்ணப்போறியா?"

"கொட்டாதண்ணே." ஜீவனின் குரல் உடைந்தது. "மோரிப் போறப்ப, பந்திங் ரோட்டுல முன்னாடி போன லோரி திடீர்னு நின்னுருச்சு. பிரேக் அடிச்சேன். பக்கத்துச் சீட்டுல இருந்த பானை உருண்டுருச்சு."

"எந்தப் பானை?"

"அஸ்திப் பானைண்ணே. அப்பா பாதி கீழ கொட்டிப்போயிட்டாரு."