குல்லாயில் தண்ணீர்

டக்கீலே தீவில் பெண் கேட்கப் போகிறவன் தானே பின்னிய குல்லாயோடு போக வேண்டும். அதில் தண்ணீர் ஊற்றினால் ஒழுகக் கூடாது. ஒழுகினால் பெண் கிடையாது.

அப்பா இல்லாத வீடு என்பதால் செனோன் நீட்டிய குல்லாயை ஒதிலியாவே வாங்கிப் பார்த்தாள்.

"நீங்களே பின்னினதா? இல்ல, உங்க தம்பி கைவேலையா?"

"அவனுக்கு இவ்வளவு நெருக்கமாப் பின்ன வராது. மூணு மாசம் உக்காந்து நானே பின்னினேன்."

"மூணு மாசமா? அதுக்குள்ள முடி கத்தரிச்ச ஆட்டுக்கே திரும்ப வளந்திருக்குமே."

குல்லாய் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். செனோன் குனிந்து அதன் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் ஒரு சொட்டு விழுந்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

ஒதிலியா குல்லாயின் அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

"குல்லாய் ஒழுகல. நீங்கதான் ஒழுகுறீங்க. நெத்தியைத் துடைங்க."

பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, மாப்பிள்ளை தேறிட்டார். அவருக்குக் கல்யாண இடுப்புப் பட்டை நெய்ய ஆரம்பி. மணப்பொண்ணு முடியைக் கலந்து நெய்யணுமாமே. உன் முடி நரைச்சிருச்சேன்னு என்னோடதைக் கேக்காத. உன்னோடதையே வெச்சு நெய்."