பின்கண்ணாடி

காருக்குள் தலையை விட்டுப் பார்த்த மெக்கானிக், "மூச்சுக்காத்துதான் சார் குளிர்ல கண்ணாடியில படியுது. ஹீட்டரோட ஏசியையும் போடுங்க. ஜன்னலை ஒரு விரக்கடை இறக்கி விடுங்க. எத்தனை பேரு போறீங்க?" என்றார்.

"நான் ஒருத்தன்தான்."

"ஒருத்தர் மூச்சுக்கு இவ்வளவு படியாதே! அதுவும் பின்சீட்டுல."

அவன் காசைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தான். போன குளிர்காலத்தில் அந்தப் பின்சீட்டில்தான் அவனுடைய அண்ணன் இளைப்பில் கிடந்து, "டேய், கண்ணாடிய இறக்குடா" என்று கெஞ்சினார். அவன் காரைப் பூட்டிவிட்டுப் போய், ஆற அமரத் திரும்பி வந்தான். பீடை ஒழிந்தது என்று நினைத்தான். வீடும் காரும் அவனுக்கே வந்தன.

மறுநாள் காலை மெக்கானிக் சொன்னபடியே செய்தான். கண்ணாடிகள் பளிச்சென்று தெளிந்தன. பீடை ஒழிந்தது என்று விசிலடித்தபடி ஓட்டினான்.

பாலத்தின் மேல், இறக்கி வைத்த ஜன்னல் தானாக ஏறி மூடிக்கொண்டது. பட்டனை அழுத்திப் பார்த்தான், இறங்கவில்லை. முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக மங்கியது. ஓரங்கட்டி நிறுத்தினான். கதவு திறக்கவில்லை. விசிலடிப்பதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான். ஆனாலும் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பின்கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பின்சீட்டில் யாரோ இளைப்பே இல்லாமல், ஆற அமர மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.