ஆபீஸ் நேரம்

வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய நான்காம் மாதம், வேலை சுணங்குகிறது என்று சிதம்பரநாதனுக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. மறுநாளிலிருந்து அவன் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவும் அணிந்து, மனைவி உமையாளிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவான். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, யாரையும் பாராமல் பின்னறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வான். வேலை உண்மையாகவே ஓடியது. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை, அப்பாவை ஐசியூவில் சேர்த்திருப்பதாகக் காரைக்குடியிலிருந்து உமையாளின் அண்ணன் போனில் சொன்னான். அவள் ஓடிப்போய் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே கீபோர்டு சத்தம் நிற்கவில்லை. எத்தனை தட்டியும் திறக்காததால், கதவுக்கு முன்னால் நின்றபடியே போன் செய்தாள்.

"சொல்லு உமா, மீட்டிங்ல இருக்கேன்."

"அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க. ஐசியூவில இருக்காங்க. உடனே கிளம்பணும்."

"ஐயையோ!" அவன் குரல் நிஜமாகவே பதறியது. "நீ தைரியமா இரு. எப்படியாவது சீக்கிரம் வீட்டுக்கு வரப் பார்க்கிறேன்."

போனை வைத்தான். பிறகு யாரிடமோ அவன் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. "ஒண்ணுமில்ல சார், வீட்டிலேருந்து. நீங்க சொல்லுங்க."

உமையாள் இரண்டு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ் திருச்சியைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. போன் அடித்தது.

"வீட்டுக்கு வந்துட்டேன் உமா," என்றான். "நீ எங்க இருக்க?"