எல்லாரும் சொன்னது

இந்த முறையும் திரை சிவந்தது.

அவள் நாற்காலிக்குப் பின்னால் தனபால் நின்றுகொண்டிருந்தான். அவன் விடும் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"அங்க போயி வருஷக்கணக்கா உக்காந்து படிச்சியல்ல? அது இதுக்காச்சும் ஆகட்டும்னுதான் உன்னை எடுத்தேன்."

மிருதுளா பிழைச் செய்தியை மூடிவிட்டு மறுபடியும் நிறுவத் தொடங்கினாள்.

உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கப் போனவள். போர் வந்தது. படிப்பு பாதியில் நின்றது. கோயம்புத்தூருக்குத் திரும்பியபோது அவளிடம் மிச்சமிருந்தது அந்த மொழி மட்டும்தான். சரவணம்பட்டியில் இந்த அலுவலகம் அதற்காகத்தான் அவளுக்கு வேலை கொடுத்தது. தனபால் டீம் லீடர். சேர்ந்த நாளிலிருந்தே அவனுக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

நிறுவ வேண்டியது ஒரு சின்ன மென்பொருள். ஸ்லாவிய மொழிகளுக்கானது. உக்ரைன் மொழியிலோ போலிஷ் மொழியிலோ ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், சொற்றொடர் சொற்றொடராகப் பிரித்து, மற்ற வாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தரும்.

அது ஏறவே மறுத்தது.

பைதான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பு வேண்டும் என்றது. பழையதைப் போட்டால், வேறொன்று ஒத்துப்போகவில்லை என்று நின்றது. ஒருவழியாக ஏறியபின், போலிஷ் மொழிக்கென்று பழக்கிய மாதிரியை எடுத்துக்கொண்டு உக்ரைன் வாக்கியங்களைக் கண்ட இடத்தில் வெட்டியது.

"கிளையன்ட் சாயங்காலத்துக்குள்ள கேக்கறான். என்ன சொல்லட்டும்? எங்க டாக்டரம்மாவுக்கு வரலைன்னா?"

அடுத்த மேசையில் யாரோ சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் அழித்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். உக்ரைன் மொழி மாதிரியின் பெயரைத் தானே அடித்தாள்.

ஏறிவிட்டது.

கோப்பைத் திறந்தாள்.

வாக்குமூலங்கள்.

குண்டுவீச்சில் ஊரைவிட்டு ஓடியவர்கள், வேறொரு நாட்டில் அடைக்கலம் கேட்டு எழுதியவை. எது சொந்தமாக எழுதியது, எது பார்த்து எழுதியது என்று கிளையன்டான அந்த நாட்டு அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். ஒரே சொற்றொடர் பலரிடம் வந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்த விண்ணப்பம் ஓரம் கட்டப்படும்.

ஓட்டினாள்.

இருட்டு நிலவறையில் /

குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் /

மேலே சத்தம் ஓயும்வரை /

அடுத்தவர்.

இருட்டு நிலவறையில் /

அதற்கடுத்தவர்.

இருட்டு நிலவறையில் / குழந்தைகளுக்குத் தண்ணீர் இல்லாமல் /

ஒரு வெட்டும் பிசகவில்லை. மென்பொருள் கச்சிதமாக வேலை செய்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டே போயின.

தனபால் அவள் நாற்காலியின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"பாத்தியா! அத்தனையும் காப்பி. எவனோ ஒருத்தன் எழுதிக் குடுத்துருக்கான்."

"எல்லாரும் ஒரே ஊருங்க சார். ஒரே மாதிரி நிலவறைல கெடந்தவங்க. வேற எப்படிங்க சொல்லுவாங்க?"

"அத நீ சொல்ல வேண்டாம். சாஃப்ட்வேர் சொல்லும்."

அவள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

உக்ரைன் மொழியில் அடிக்கத் தொடங்கினாள். வேகமாக, நிறுத்தாமல்.

அவளும் அந்த ஊரில் இருந்தவள்தான். விடுதிக்குக் கீழே இருந்த நிலவறை. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் குழந்தைகளோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். விடுதிக் காவல்காரம்மா கடைசிப் பாட்டில் தண்ணீரை அதன் மூடியில் ஊற்றி ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். பெரியவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஊற்ற ஒன்றுமில்லை.

அந்த இடத்தில் மட்டும் விரல்கள் நின்றன.

எதையும் சோடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். மேலே தன் பெயரைப் போட்டாள்.

ஓட்டினாள்.

சிவப்பு.

தனபால் குனிந்து பார்த்தான்.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க."

அவன் அதைப் படிக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மேசைக்காரர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"சரி. உன்னோடத மட்டும் எடுத்துட்டு மீதிய அனுப்பு."

"என்னோடத எதுக்குங்க எடுக்கணும்?"

"நீ பொய் சொல்லலைன்னுதான் எனக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

 

அவள் தன்னுடைய வாக்குமூலத்தை நகர்த்தி, சிவந்த பட்டியலில் எல்லாருக்கும் மேலே கொண்டுபோய் வைத்தாள். அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தாள். இந்தச் சோதனையை நடத்தியவள் எழுதியது, யாரையும் பார்த்து எழுதியதல்ல, கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள் என்று. தன் கைப்பேசி எண்ணையும் கொடுத்தாள்.

அனுப்பினாள்.

தனபால் காகிதக் கோப்பையோடு திரும்பி வந்தான்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"உன்னோடத எடுத்துட்டியல்ல?"

அவள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அவன் திரையைப் பார்க்க இடம் விட்டாள்.