தேக்கு நாற்காலிக்கு எண்ணெய்

"கொட்டகைக்கு யாரு நெருப்பு வச்சது?"

வீட்டுக்காரப் பிரெஞ்சு மதாம் கேட்டதும் தோட்டக்காரன் பாவாடை கையிலிருந்த காலி வாளியைக் கீழே வைத்தான்.

கடலோரக் குருசுக்குப்பத்து உப்புக்காற்றில் தோட்டத்துத் தேக்கு நாற்காலிகள் வெளுத்துப் போயிருந்தன. மதாமின் மகன் பாரிசிலிருந்து அனுப்பிய ஆளிவிதை எண்ணெயைக் காலையில் அவன்தான் பூசினான். துடைத்த துணிகளைச் சுருட்டி, கொட்டகையிலிருந்த கூடையில் அமுக்கி வைத்தான். மத்தியானம் யாருக்கும் தெரியாமல் கொட்டகை ஓரமாக ஒரே ஒரு பீடி. அரைமணியில் உள்ளே குபுகுபுவென்று புகை. நாலு வாளித் தண்ணீரில்தான் அடங்கியது.

"கமலா, நீ சாம்பிராணி போட்டியா?"

சமையல்கட்டிலிருந்து ஓடிவந்திருந்த அவன் மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "ஐயோ, இல்ல மதாம்!"

"உண்மையச் சொல்லலன்னா ரெண்டு பேரும் நாளையிலேருந்து வரவேணாம்."

பாவாடை கண்ணை மூடிக்கொண்டான். "அவ மேல தப்பில்ல மதாம். நான்தான் பீடி குடிச்சேன்."

மதாம் கரிந்த கூடையைக் குச்சியால் கிளறினார்.

"பீடி இல்லப்பா. இந்த எண்ணெய்த் துணியச் சுருட்டி வச்சா சூடேறித் தானாவே பத்திக்கும். விரிச்சுக் காயப்போடணும்னு டின்னுல பிரெஞ்சுல எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லாதது என் தப்பு."

அவர் உள்ளே போனார். பாவாடைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேலை தப்பிச்சுது கமலா!"

கமலா அவன் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை உருவினாள்.

"அது கெடக்கட்டும். இனிமே பீடியத் தொடமாட்டேன்னு நம்ம பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணியே, அது என்னாச்சு?"