பாலத்தில் இறங்கிய வில்லன்

டாக்சிக்காரர் ஷுக்ரி, கெய்ரோப் பாலத்தில் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"நீதானே சீரியல்ல பெத்தவளைத் தெருவுல தள்ளினவன்?"

"அது நடிப்பு, டிரைவர் உஸ்தா. அவசரமாப் போகணும்."

"அதைப் பார்த்துட்டு என் பொண்டாட்டி நேத்து ரொட்டியே தொடல. இறங்குடா!"

"இங்க வேற வண்டி நிக்காதுங்க!"

"நட!"

இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் மகள் ரிஹாபை ஏற்றிக்கொண்டு கச்சேரிக்குப் பறந்தார். வருடம் முழுக்க அவள் கெஞ்சிய கச்சேரி அது.

மேடை வெகுநேரம் காலியாகவே இருந்தது. கூட்டம் விசிலடித்தது.

"எங்கேம்மா உன் பாட்டுக்காரன்? பொறுப்பில்லாத பய!" என்றார் ஷுக்ரி.

ரிஹாப் கைபேசியைப் பார்த்து அழுதாள்.

"அவர் பாவம், பாபா. டாக்சிக்காரன் ஒருத்தன் பாலத்துல இறக்கிவிட்டுட்டானாம். சீரியல் வில்லன்னு வேற யாரும் ஏத்த மாட்டேங்கிறாங்களாம்."

ஷுக்ரி வண்டிச் சாவியோடு எழுந்தார்.

"நான் ஏத்திக்கிறேன்."